முப்பத்திரண்டில் ஏழு

ஷார்ஜா நீதிமன்றத்தில் முதல் கேள்வியே
இறந்தவர் ஆணா, பெண்ணா.
மீரா லெவ்வை ஆண்தான் என்று
மலப்புறத்து மொழிபெயர்ப்பாளர்
எழுத்தரிடம் இரண்டு முறை சொன்னார்.
இங்கே மீரா பெண்பிள்ளைக்கு வைக்கும் பெயர்.
பெண் மவுத்தானால் கணக்கே வேறு.

பாஸ்போர்ட்டில் ஒரு விதம், லைசென்ஸில் ஒரு விதம்,
வாடகைப் பத்திரத்தில் மீரான்.
மூன்று பேரும் ஒரே ஆள் என்பதற்கு
சாட்சி இரண்டு வேண்டியிருந்தது.
ரோலாவில் அவரோடு இருபத்தாறு வருடம்
அஸருக்குப் பின் சுலைமானி குடித்த இருவர் வந்தார்கள்.
அழவில்லை.
ஐடி கார்டை எடுத்து நீட்டினார்கள்.

வசியத்து எழுதவில்லை வாப்பா.
எதையுமே எழுதமாட்டார்.
பேனா சட்டைப்பையில் கசிந்து
நீலமாய் ஒரு வட்டம் இருக்கும், அவ்வளவுதான்.

பெட்டிக் கடை என்றால் ஊரில்
வெற்றிலை, வாழைப்பழம்.
வாப்பாவுடையது நிஜமாகவே பெட்டிக் கடை.
ஊருக்குப் போகிறவர்கள் வாங்கும் சக்கரப் பெட்டி.
விமானக் கம்பெனிகள் எடையைக் குறைத்துக்கொண்டே வர,
இவர் மட்டும்
"நாற்பது கிலோ தாங்கும்" என்றே விற்றார்.

கணக்கெடுக்கப் போனோம், நானும் காக்காவும்.
பெரிய பெட்டிக்குள் நடுப்பெட்டி,
அதற்குள் சின்னது,
சின்னதற்குள் கசக்கிய அரபுப் பேப்பர்.
ஒவ்வொன்றாய்த் திறந்தால்தான் எண்ணிக்கை.
பூட்டு எண் எல்லாவற்றுக்கும்
சைபர் சைபர் சைபர்.
எனக்கு இருநூற்றுப் பதினொன்று வந்தது.
காக்காவுக்கு இருநூற்றொன்பது.

இதற்கிடையில் வங்கி கணக்கை முடக்கியது.
உம்மாவின் கைபேசியும் செத்தது;
அந்த எண்ணும் அவர் பெயரில்தான் இருந்திருக்கிறது.
அரபாபின் மகன் வந்தான்.
பேரீச்சம்பழம் ஒரு டப்பா வைத்தான்,
லைசென்ஸ் பங்கில் வராது என்று
மெதுவாகத்தான் சொன்னான்.

உம்மாவுக்கு எட்டில் ஒன்று.
மிச்சத்தில் காக்காவுக்கு இரண்டு பங்கு,
எனக்கொன்று, ஜொகராவுக்கொன்று.
எழுத்தர் கால்குலேட்டரைத் தேடுவதற்குள்
நான் சொல்லிவிட்டேன்:
முப்பத்திரண்டு. நாலு, பதினாலு, ஏழு, ஏழு.
ஃப்ரீ ஜோனில் பதினோரு வருடம்
அடுத்தவர் கணக்கை நேர்செய்த வாய்.
உம்மா என் முழங்கையைக் கிள்ளியது.

முப்பத்திரண்டு, ஒரு வாய்க்குள் இருக்கவேண்டிய பல்.
வாப்பாவுக்கு மேல்வரிசை முழுக்கச் செட்டு.
ஆஸ்பத்திரியில் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு
கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்தார்கள்.
சொத்துப் பட்டியலில் அதற்குக் கட்டமில்லை.
ஜொகரா எடுத்துக்கொண்டாள்.
யாரும் பங்கு கேட்கவில்லை.

நாற்பது கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை
பிக்கப் ஓட்டும் குல் ஜமான் வந்தார்.
காக்கா ஜும்ஆவிலிருந்து திரும்பவில்லை.
ரப்பர் பேண்டு போட்ட மூவாயிரத்து நூறு திர்ஹம்.
அவருக்கும் எனக்கும்
பாதி பாதி தெரிந்த இந்தியில் சொன்னார்:
தம்பி கல்யாணத்துக்கு வாங்கியது.
எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
எழுதாதே,
மறந்தால் உன்னுடையது,
நினைவிருந்தால் என்னுடையது என்றார் உன் வாப்பா.

நினைவிருந்திருக்கிறது.
என்னுடையது என்ற சொல்லுக்குத்தான்
இப்போது ஆள் இல்லை.

அவர் ரசீது கேட்கவில்லை.
தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

முப்பத்திரண்டால் வகுத்துப் பார்த்தேன்.
ஒரு பங்குக்குத் தொண்ணூற்றாறு திர்ஹம்,
எண்பத்தேழரை பில்ஸ்.
அரை பில்ஸை எந்த நாட்டிலும் அடிப்பதில்லை.
ஏழு பங்குக்கு மேல் எனக்குச் சேராது,
அதையும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சின்னப் பெட்டிக்குள் வைத்தேன்.
அதை நடுப்பெட்டிக்குள்,
நடுப்பெட்டியைப் பெரியதற்குள்.
பூட்டு எண்ணைச் சைபரிலிருந்து மாற்றினேன்.
மாதம் இரண்டாகிறது.
பட்டியலில் இன்னும் ஏற்றவில்லை.

நேற்றுக் காக்கா கேட்டார்,
பின்வரிசையில் ஒன்று மட்டும்
ஏன் திறக்கவே மாட்டேன் என்கிறது.
பூட்டு கெட்டிருக்கும் என்றேன்.

பாதி விலை போட்டுத் தள்ளிவிடலாம் என்றார்.